டாங்கிக்கும் தொப்புள் உண்டு

மற்ற வீட்டுப் பெண்கள் சினிமாவுக்குப் போனால் கதாநாயகனைப் பார்த்து மயங்கித் திரும்புவார்கள். அந்த நோய்க்கு எங்கள் தெருத் தாய்மார்களிடம் வைத்தியம் இருந்தது. இரண்டு நாள் திட்டுவார்கள், மூன்றாம் நாள் ரேடியோவைப் பூட்டி வைப்பார்கள், நான்காம் நாள் ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். என் மகள் சினிமாவுக்குப் போய் ஒரு ஜாக்கியைப் பார்த்து மயங்கித் திரும்பினாள். வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கி. அதுவும் நிஜ ஜாக்கி இல்லை; சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன பிளாஸ்டிக் ஜாக்கி. இதற்கு என்ன கசாயம் கொடுப்பது என்று மதுரை திருநகரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நடந்தது எண்பதுகளின் நடுவில். அவள் அப்போது பிளஸ் டூ. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் நடத்துகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் பிளாஸ்டிக் வாளியும் மக்கும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைகிற இடத்தில், பொருள் ஆறிய பிறகு ஒரு சின்ன முண்டு நிற்கும். எந்த வாளியையும் கவிழ்த்து அடியில் தடவினால் விரலில் படும். அவர்கள் கம்பெனியில் அதற்குத் தொப்புள் என்று பெயர். தொப்புள் இருக்கும் இடத்தையும் அதை நறுக்கியிருக்கிற விதத்தையும் வைத்து, வாளி எந்த அச்சில் பிறந்தது என்று சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு இதில் பெரிய ஞானம். உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் எல்லோரும் ஹோமத்தைச் சுற்றி நிற்க, இவர் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். “இது நம்ம வாளி இல்ல” என்று வருத்தத்தோடு வெளியே வந்தார். ரத்தத்தில் ஓடுவது எங்கே போகும்? மகளிடம் வந்தது.

சிங்கப்பூரில் இருக்கிற என் கொழுந்தனார் அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு பெட்டி அனுப்பினார். மற்ற வீட்டுக் கொழுந்தன்கள் நைலக்ஸ் சேலை அனுப்புவார்கள், டேப் ரிக்கார்டர் அனுப்புவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் தலைவலித் தைலமாவது அனுப்புவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு போர் டாங்கி வந்தது. உள்ளே ஜன்னல் கம்பிபோலப் பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் சக்கரம், குழல், மூடி என்று எல்லாம் குட்டி குட்டியாக, ஒவ்வொன்றும் ஓர் எண்ணோடு, காய்த்துத் தொங்கின. முறித்து எடுத்து ஒட்ட வேண்டும். அவள் ஒட்டினாள். முறித்த இடத்தில் நிற்கிற முண்டைத் தேய்த்து எடுக்கப் பெட்டிச் சீட்டில் சொல்லியிருந்தது. பதின்மூன்று வயதில் எதைத் தேய்ப்பாள்? தொப்புள்களோடு டாங்கி தயாரானது. ரேடியோ மேல் ஏறி உட்கார்ந்தது. அதன் குழல் நேராகச் சாமி அலமாரியைக் குறி பார்த்தபடி நான்கு வருஷம் நின்றது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

பிறகு அந்தப் படம் வந்தது. ஆகாயத்தில் கப்பல் விடுகிற இங்கிலீஷ் படம். மெட்ராஸில் ஓடி, கோயம்புத்தூரில் ஓடி, சேலத்தில் தேய்ந்து, கீறல் விழுந்து திரை முழுக்க மழை பெய்கிற நிலைமையில் மதுரைக்கு வந்து சேர்ந்தது. அறிவியல் படம், பிள்ளைக்கு நல்லது என்று நான்தான் கூட்டிப்போனேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய சாம்பல் நிறக் கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவில் தன் வயிற்றைக் காட்டிக்கொண்டு திரும்பியது. என் மகள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

“அம்மா! நம்ம டேங்க்கு!”

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“என்னா பாப்பா, நெறஞ்சு வழியுதா?”

“மோட்டார அமத்தாம வந்துட்டாக போல மாப்ள.”

“வீட்டுக்குப் போங்க டீச்சர், தெருவெல்லாம் தண்ணி!”

அந்த மூன்றாவது குரல் என்னிடம் படித்த பையனுடையது. பூகோளத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவன்.

டேங்க் என்றால் மதுரையில் மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிதான். வேறு டேங்க் எங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு சொல்லில் என் குடும்பம் முழுகப்போகிறது என்று அன்றைக்கு யார் கண்டது? நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் அந்தப் படத்தை இன்னும் மூன்று தடவை பார்த்தாள். கதையைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கப்பலின் வயிற்றில் வலது ஓரமாக என்ன இருக்கிறது என்று கேட்டால், நம் டாங்கியின் ஜாக்கி என்று படம் வரைந்து காட்டினாள். கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்டில் போட்டோக்கள் மாட்டியிருப்பார்கள். அதன் முன்னால் ஒரு நோட்டோடு மணிக்கணக்கில் நின்றாள். பதினேழு வயதுப் பெண் சினிமாக் கொட்டகை வாசலில் தனியாக நின்றால் ஊர் என்ன நினைக்கும்? ஊர் நினைத்தது. என் நாத்தனார் பஸ் ஏறி வந்து என்னிடம் சொன்னாள், “யாருக்காகவோ காத்துக்கிட்டு நிக்கிறா அண்ணி.” ஜாக்கிக்காக நிற்கிறாள் என்றேன். “பேரே சரியில்லையே” என்று நாத்தனார் வாயில் கை வைத்தாள்.

புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை அவளுக்குக் கிடைத்தது. அதிலிருந்துதான் எங்களுக்கு முழு விவரமும் தெரிந்தது. சினிமாக்காரர்கள் இந்த மாதிரிக் கப்பல்களைச் செய்யும்போது, கடையில் விற்கிற பொம்மை டாங்கி, பொம்மை லாரி, பொம்மை யுத்தக் கப்பல் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கி, உடைத்து, பாகங்களைக் கண்ட இடத்தில் ஒட்டிவிடுவார்களாம். பார்க்கிறவனுக்கு ஏதோ பெரிய இயந்திரம்போலத் தெரியும். சரி, பிழைப்பு. ஆனால் அந்தப் பாகங்களில் எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்கென்றே சீமையில் ஒரு சங்கம் இருந்தது. வேலை வெட்டி உள்ள பெரிய மனிதர்கள். கப்பலை வரைந்து, இடத்துக்கு இடம் எண் போட்டு, சுற்றறிக்கை அச்சடித்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டார்கள். உலகத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே ஆச்சரியம். அது தேடிப் பிடித்து என் வீட்டுக்கு வந்தது அதைவிட ஆச்சரியம்.

அந்தச் சங்கத்துப் பெரியவர் ஒருவருக்கு என் மகள் ஏர்மெயிலில் எழுதினாள். முப்பத்தேழாம் எண்ணிட்ட இடத்தில் இருப்பது நீர்மூழ்கிக் கப்பலின் பாகம் என்று நீங்கள் போட்டிருக்கிறீர்கள். அது தவறு, அது டாங்கியின் ஜாக்கி என்று. நான்கு பக்கத்தில் விளக்கம், பட்டியல், படம். இங்கிலீஷில் பிழையே இல்லை. நானே திருத்திக் கொடுத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

அவர் மரியாதையாகப் பதில் போட்டார். உன் கண்ணை மதிக்கிறேன், ஆனாலும் நீர்மூழ்கிப் பாகத்தை உனக்கே அனுப்புகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்று. அந்தப் பொட்டலம்தான் எங்கள் வீட்டுக்கு வராமல் வேறோர் இடத்துக்குப் போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் சைக்கிளில் ஒருவர் வந்தார். காக்கிக் கால்சட்டை. தெருவில் எங்கள் வீட்டு எண்ணைச் சத்தமாக விசாரித்தார். தெரியாதவர்களுக்கும் தெரிய வேண்டாமா? கையில் ஒரு கடிதம். மறுநாள் காலை தல்லாகுளம் பக்கத்தில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு மகளோடு வர வேண்டும். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை.

“எதுக்குங்க?” என்றேன்.

“வெளிநாட்டுல இருந்து ஆயுத பார்ட்ஸு வந்திருக்காம்ல. எனக்கு என்ன தெரியும் டீச்சரம்மா? குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.”

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும்வரை நான் நின்றேன். அதற்குப் பிறகு உட்கார்ந்துவிட்டேன். நாட்டில் எங்கே பார்த்தாலும் பயமாக இருந்த காலம் அது. யாரையோ சந்தேகப்பட்டுக் கூட்டிப்போனார்கள் என்று தினமும் பேப்பரில் வந்தது. ஒரு பெண் பிள்ளையின் பெயர் அந்த மாதிரி ஒரு பேரேட்டில் ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் காலேஜ், எந்த வேலை, எந்தக் கல்யாணம்? விளையாட்டாகத்தான் எழுதினாள் என்று பின்னால் தெரிந்தாலும், ஏறின பெயர் ஏறினதுதான். அன்றைக்கு என் தலைக்குள் ஒரே ஒரு எண்ணம் இருந்தது: பெயர் எழுதிவிடக் கூடாது.

ரேடியோ மேல் டாங்கி சாமியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தது.

சோதனை போட வருவார்கள் என்று தோன்றியது. படித்தவள் செய்கிற காரியத்தைச் செய்தேன். டாங்கியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, மாடிக்கு எடுத்துப்போய், தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். போட்டதும் அடியில் மோதி ஒரு சத்தம் கேட்டது. மூடியை மூடிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பி, சட்டையைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

“நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு” என்றார். “நீ படிச்சவ. பக்குவமாப் பேசிட்டு வந்துரு.”

பக்குவமாகப் பேசப்போனேன்.

அந்த அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். விபூதி, தங்க நிறச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. மேஜைமேல் பிரித்த பொட்டலம், சங்கத்துப் பெரியவர் அதோடு வைத்தனுப்பிய மகள் கடிதத்தின் நகல், ஒரு வெள்ளைத்தாளில் ஓர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு. அவர் கடிதத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, தமிழாக்கிக்கொண்டே படித்தார்.

“டேங்க் சக்கரம், இருபத்தினாலு. டேங்க் துப்பாக்கிக் குழல், பாதி, ஒண்ணு. ஜாக்கி, ஒண்ணு. இடப்பக்கத் தாக்குதல் கோபுரம்…” நிமிர்ந்தார். “டீச்சர், இது என்ன டேங்க்கு?”

அந்தக் கணத்தை நான் ஆயிரம் தடவை திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கலாம். என் வாய் தானாகத் திறந்தது.

“தண்ணி டேங்க்கு சார்.”

“தண்ணி டேங்க்கா?”

“வீட்டு மாடில சார். அடிக்கடி ரிப்பேரு.”

“சக்கரம் இருபத்தினாலு இருக்கே?”

“மோட்டாரோட சேத்து சார்.”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் தப்பான தலைநகரம் சொல்கிற பையனை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. அதிகாரி பொட்டலத்தில் வந்த சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதுல சப்மரீன் பார்ட்னு எழுதியிருக்கு டீச்சர். ஒங்க வீட்டுத் தண்ணி டேங்க்ல நீர்மூழ்கிக் கப்பல் விட்டிருக்கீகளோ?”

வாசலில் நின்ற சைக்கிள்காரர் வாய்க்குள் சிரித்தார்.

“அம்மா பயத்துல சொல்றாங்க சார்” என்றாள் மகள். “அது பொம்மை டேங்க்கு. சண்டை டேங்க்கு. சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா அனுப்புனது.”

பிறகு அவள் முழுவதையும் சொன்னாள். படம், கப்பல், கொட்டகை வாசல் போட்டோ, சங்கம், முப்பத்தேழாம் எண். நடுங்கவே இல்லை. அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார்.

“இந்தத் துண்டும் எங்க டேங்க் ஜாக்கியும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும் சார். தொப்புள வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.”

அறையில் இருந்த எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் வேறு எங்கோ பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“தொப்புள்னா பிளாஸ்டிக்ல சார்” என்றேன் அவசரமாக. “இவ அப்பா வாளிக் கம்பெனி.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர்” என்றார் அவர். பிறகு மகளிடம், “அந்த டேங்க் இப்ப எங்கம்மா இருக்கு?”

“டேங்க்ல இருக்கு சார்.”

“எந்த டேங்க்ல?”

“தண்ணி டேங்க்ல. அம்மா டேங்க்கத் தூக்கி டேங்க்குள்ள போட்டுட்டாங்க.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் தோள் குலுங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்க பாருங்க” என்றார் கடைசியில். “நீங்க தண்ணி டேங்க்குனு சொன்னத எழுதியாச்சு. இனி அத அழிக்க முடியாது. பொண்ணு சொல்றது நெசம்னா, எனக்குக் கண்ணால காட்டட்டும். அந்தப் போட்டோவுல அந்தப் பாகம் இருக்கு, அது இதுதான்னு காட்டினா, பொம்மை விஷயம்னு நானே எழுதி மூடிருவேன். காட்ட முடியலேன்னா மேல அனுப்பித்தான் ஆகணும். பொண்ணு பேரு, அப்பா பேரு, பள்ளிக்கூடம் எல்லாம் போகும். நாளைக்குப் பத்து மணிக்குக் கொட்டகைக்கு வந்துருங்க. ஜாக்கியக் கொண்டாங்க.”

வெளியே வந்ததும் மகளிடம் கேட்டேன், “நிச்சயமாத் தெரியுமாடி ஒனக்கு?”

“தொண்ணூறு பங்கு தெரியும்மா.”

“மிச்சம் பத்து?”

“கண்ணாடி அழுக்கா இருக்கு. போட்டோவுல ஈ எச்சம். தொப்புளா எச்சமான்னு வெளியில இருந்து தெரியல.”

ஆக, என் மகளின் எதிர்காலம் ஓர் ஈயின் வயிற்றைப் பொறுத்து நின்றது.

வீட்டுக்கு வந்து தொட்டியைத் திறந்து பார்த்தால், பை கிழிந்திருந்தது. டாங்கி உடைந்து, பாகம் பாகமாகப் பிரிந்து, சித்தப்பா அனுப்பிய நிலைமைக்கே திரும்பியிருந்தது. சக்கரங்கள் அடியில் கிடந்தன. ஜாக்கியைக் காணோம். குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வந்த காலம். என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்த கோலத்திலேயே வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டியில் இறங்கி, தண்ணீரை வாளி வாளியாக இறைத்து மாடியில் ஊற்றினார். தண்ணீர் தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார்.

“என்ன டீச்சர், இம்புட்டுத் தண்ணியக் கொட்டுறீக?”

“தொட்டி கழுவுறோம்.”

“நேத்து சைக்கிள்ல வந்தவரு தொட்டி கழுவச் சொன்னாரா?”

நான் அடுத்த வாளியை வாங்கி ஊற்றினேன். அடியில் ஒரு சாண் சேறு மிஞ்சியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதில் கையை விட்டுத் தடவினார். முதலில் ஒரு சக்கரம் வந்தது. பிறகு ஒரு கூழாங்கல். பிறகு போன வருஷம் தொலைந்த என் திருகாணி. கால் மணி நேரம் கழித்து ஏதோ ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். கண்ணைத் திறக்கவில்லை.

“தொப்புள் பக்கவாட்டுல இருக்கு” என்றார். “இதானே?”

“அதான்ப்பா!” என்றாள் மகள் மேலிருந்து.

காலை ஷிப்டு சொல்லித் தப்பிய மனிதர், முழங்கால் வரை சேறோடு, பெரிய வெற்றி வீரனைப்போல ஏணியில் ஏறி வந்தார். அன்றைக்கு எனக்குத் திட்டத் தெம்பில்லை. சேற்றைக் கழுவத் தண்ணீரும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தேசப்படத்தில் சின்ன ஊர்களைக் காட்ட வைத்திருக்கிற பள்ளிக்கூடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. ஏற்கெனவே பொய், கூடவே இதுவும் இருக்கட்டும்.

கொட்டகையில் அந்தப் படம் போய் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக விநியோகக்காரர்களின் ஆள் இன்னும் வந்து வாங்கிப் போகாததால் ஸ்டில்கள் பெட்டியிலேயே இருந்தன. மேனேஜர் அதிகாரியைப் பார்த்ததும் பதறினார்.

“சார், டிக்கெட்டெல்லாம் கரெக்டா கிழிக்கிறோம் சார்.”

“அந்தக் கண்ணாடிப் பெட்டியத் தொறங்க.”

“போட்டோவுல ஆபாசம் ஒண்ணும் இல்லியே சார்? இங்கிலீஷ் படம்தான், ஆனா எல்லாரும் கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டுத்தான்…”

“தொறங்கண்ணே.”

பெட்டி திறந்தது. கப்பல் வயிற்றைக் காட்டுகிற போட்டோவை மேனேஜர் டிக்கெட் கொடுக்கும் மேஜைமேல் வைத்தார். மேலே கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள். ஈக்கள் அந்தப் படத்தை எங்களைவிட அதிகத் தடவை பார்த்திருந்தன.

மகள் ஜாக்கியையும், அதிகாரி கொண்டுவந்திருந்த நீர்மூழ்கித் துண்டையும் போட்டோவின் பக்கத்தில் வைத்தாள். நான் உருப்பெருக்கியை நீட்டினேன். அதன் கைப்பிடியில் பள்ளிக்கூடத்தின் பெயர் பொறித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பெயர் வெளியே போகக் கூடாது என்று ஓடிவந்தவள், பெயரையே கையில் கொடுத்தேன்.

அதிகாரி குனிந்தார். நீண்ட நேரம் குனிந்தபடியே இருந்தார்.

“எல்லாம் ஒரே சாம்பலால்ல இருக்கு.”

“வலது ஓரம் சார். ரெண்டு குழாய்க்கு நடுவுல. பல்லு மாதிரி ரெண்டு.”

“ம். தெரியுது. ரெண்டு துண்டுலயும் அந்தப் பல்லு இருக்கே.”

“ஆமா சார். நீர்மூழ்கில தொப்புள் உச்சில. டேங்க்ல பக்கவாட்டுல. ஒட்டினவரு அவசரத்துல தேய்க்காம ஒட்டிட்டாரு சார். போட்டோவுல பக்கவாட்டுல ஒரு புள்ளி இருக்கு பாருங்க.”

“இருக்கு.” அவர் நிமிர்ந்தார். “அது ஈ எச்சம்மா.”

உள்ளே ஓடுகிற படத்தின் பாட்டுச் சத்தம் கதவு வழியாக வந்தது. மகள் உதட்டைக் கடித்தாள். அந்தப் பத்துப் பங்கு அவள் முகத்தில் தெரிந்தது. நான் எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். நான்கு வருஷம் டாங்கிக் குழலுக்கு நேராக உட்கார்ந்திருந்தவர்கள் வருவார்களா என்று சந்தேகமாகத்தான் இருந்தது.

அதிகாரி இடது கைச் சுண்டுவிரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தார். அந்த நகத்தால் போட்டோவில் ஒரு பொட்டைச் சுரண்டினார். உதிர்ந்தது. பக்கத்தில் ஒன்றைச் சுரண்டினார். உதிர்ந்தது. “சார், படம் கம்பெனிக்குத் திருப்பிக் குடுக்கணும்” என்று மேனேஜர் முனகினார். மூன்றாவது உதிர்ந்தது. பிறகு ஜாக்கியின் பக்கவாட்டில் இருந்த அந்தப் புள்ளியில் நகத்தை வைத்தார்.

சுரண்டினார். அது இருந்தது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். அது இருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். புள்ளிக்குக் கீழே மெல்லிய ஒரு நிழல் விழுந்திருந்தது. எச்சத்துக்கு நிழல் விழாது.

“தொப்புள்தான்” என்றார் அதிகாரி.

அந்தச் சொல்லை ஒரு கண்ணியமான அரசாங்க உத்தியோகஸ்தர் சினிமாக் கொட்டகை வாசலில் நின்று அவ்வளவு சத்தமாகச் சொன்னதற்கு மேனேஜர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ, மற்ற ஸ்டில்களையும் அவசரமாகக் கழற்ற ஆரம்பித்தார்.

அங்கேயே டிக்கெட் மேஜையில் உட்கார்ந்து அதிகாரி எழுதினார். நீலமை, மணிமணியான கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. “பொண்ணு பேரு எங்கயும் எழுதல டீச்சர். நான் எழுதவும் மாட்டேன். ஒங்க பேரப் போட்டுக்கிறேன், சரியா? மொதல்ல தண்ணி டேங்க்குனு சொன்னதும் நீங்கதானே.”

சரி என்றேன். அந்தத் தாளில் நான் இருக்கிறேன். ‘மேற்படி ஆசிரியை முதலில் அது தண்ணீர்த் தொட்டி என்று கூறினார், பிறகு விசாரணையில் அது விளையாட்டுப் பொருள் என்று தெரியவந்தது.’ ஏதோ ஓர் அலமாரியில் இன்றும் இருக்கும். என் மாணவர்களில் எவனாவது அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து அதைப் படித்துவிடுவானோ என்று ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வரும்போது பயமாக இருக்கிறது. நன்றாகப் படிக்கிற பையன்களைக் கண்டால் இன்னும் பயம்.

நீர்மூழ்கித் துண்டை அவர் மகளிடமே கொடுத்தார். போகும்போது எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு புராணப் பட போஸ்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதில் தேர் பறந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து அந்தச் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. தபால்காரர் கொடுக்கும்போதே உறை ஒரு பக்கம் வெட்டி, பழுப்புத் தாளால் ஒட்டப்பட்டிருந்தது. நான் பிரிக்கவில்லை, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை சாப்பாட்டு மேஜைமேல் அப்படியே கிடந்தது. அவள் பையைக்கூட இறக்காமல் பிரித்தாள். இரண்டாம் பக்கம். முப்பத்தேழாம் எண்: இதுவரை நீர்மூழ்கி என்று குறித்தது பிழை, டாங்கியின் ஜாக்கி, கண்டுபிடித்தவர், இந்தியாவில் மதுரையைச் சேர்ந்த குமாரி… என்று அவள் பெயர் அச்சில் இருந்தது. ஊர் முழுக்க ஒளித்து, தொட்டியை இறைத்து, பொய் சொல்லி, எங்கேயும் ஏறாமல் காப்பாற்றின பெயர்.

“ஒரு எழுத்து விட்டுட்டாங்கம்மா” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். ஆமாம், வெள்ளைக்காரர் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார். ஆனால் அந்த இடத்தில் கீழே ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, விட்டுப்போன எழுத்தை யாரோ மேலே எழுதியிருந்தார்கள். நீலமை. மணிமணியான கையெழுத்து.